மூங்கிலா, மரமா? அலமாரிக்கு ஏற்ற ஒட்டுப்பலகை

கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் ஒரு கட்டுமானப் பொருளால் பெயர் பெற்றது. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூண்ட பெருந்தீ, மரச் சுவர்களும் அத்தாப்புக் கூரைகளும் கொண்டிருந்த கோலாலம்பூரைச் சாம்பலாக்கியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளம் எஞ்சியவற்றையும் சிதைத்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி வீடுகளையும் கடைகளையும் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பணித்தார். செங்கல்லின் தேவை பெருகியது. களிமண் கிடைத்த இடத்தில் சூளைகள் எழுந்தன. செங்கல் சூளைகள் நிறைந்த அந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று.

ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின், 2021 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் அடைமழை பெய்தது. ஒரு மாதத்தில் பெய்யக்கூடிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்து நாள்கணக்கில் வடியாமல் நின்றது. அந்த ஆண்டிறுதியில் நாடெங்கும் ஏற்பட்ட வெள்ளத்தால் விளைந்த இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் குடியிருப்புகளுக்கு நேர்ந்த இழப்பு மட்டும் 1.6 பில்லியன் ரிங்கிட்.

நீர் வடிந்த பிறகு வீட்டு வாசல்களில் குப்பையாகக் குவிந்தவற்றுள் உப்பிப்போன சமையலறை அலமாரிகளும் இருந்தன. சேமிப்பைக் கரைத்து அவற்றை மீண்டும் செய்ய வேண்டிய குடும்பங்கள், இம்முறை எந்தப் பலகையைத் தேர்ந்தெடுப்பது என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று கடைகளில் வழக்கமான மர ஒட்டுப்பலகையுடன் மூங்கில் ஒட்டுப்பலகையும் கிடைக்கிறது. “மூங்கில் பசுமையானது; மரத்தைவிட வலிமையானது; தண்ணீருக்கு அஞ்சாதது” என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இக்கூற்றுகளில் எது உண்மை? எது பாதி உண்மை? இரு பலகைகளையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

ஒட்டுப்பலகையின் அடிப்படை

மரக்கட்டை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியாக விரிவதில்லை. ஈரத்தை உறிஞ்சும்போது அதன் நீளம் பெரிதும் மாறுவதில்லை. அகலமே குறிப்பிடத்தக்க அளவு விரிகிறது. அதனால்தான் ஒற்றைப் பலகையால் ஆன அகலமான கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது, வெயில்காலத்தில் வெடிக்கிறது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே ஒட்டுப்பலகை. பென்சிலைச் சீவும்போது சுருள் சுருளாகச் சீவல் வருவதைப் போல, சுழலும் மரத்தண்டிலிருந்து மெல்லிய ஏடுகளை உரித்தெடுக்கிறார்கள். ஓர் ஏட்டின் நாரோட்டத்துக்குக் குறுக்காக அடுத்த ஏட்டை வைத்து, பசை தடவி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். ஓர் ஏடு விரிய முற்படும்போது, குறுக்காக இருக்கும் ஏடு அதைத் தடுத்து நிறுத்துகிறது. இருபுறமும் இழுவிசை சமமாக இருக்க, ஏடுகளின் எண்ணிக்கை 3, 5, 7 என ஒற்றைப்படையில் அமைவது வழக்கம்.

மலேசியாவில் ஒட்டுப்பலகை பெரும்பாலும் சரவாக், சபா மாநிலங்களில் உருவாகிறது. மெராந்தி முதலிய வெப்பமண்டல மரங்கள் இதற்குப் பயன்படுகின்றன. நம் நாட்டு ஒட்டுப்பலகையை நெடுங்காலமாக அதிகம் வாங்கிவரும் நாடுகளுள் ஜப்பான் முதன்மையானது.

மூங்கில் ஒரு புல்

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். வெளிப்புறம் வைரம் பாய்ந்த தாவரத்தைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்ததை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துரைக்கிறது. அவ்வரையறைப்படி மூங்கில் புல்லே. மூங்கிலால் ஆன இசைக்கருவியைப் புல்லாங்குழல் என்று நாம் அழைப்பதிலும் அந்தப் ‘புல்’ ஒலிக்கிறது. மூங்கில் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வலிமை தரும் நார்க்கற்றைகள் உட்புறத்தைவிடப் புறத்தோலுக்கு அருகில் நெருக்கமாக இருப்பதைக் காணலாம்.

மூங்கில் முளை சில மாதங்களிலேயே தன் முழு உயரத்தை எட்டிவிடுகிறது. பிறகு அது பருப்பதில்லை, முற்றி உறுதியடைகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பலகை செய்யத் தகுதி பெறுகிறது. முற்றிய தண்டுகளை மட்டும் வெட்டினால், மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத்தண்டிலிருந்து புதிய முளைகள் தொடர்ந்து எழும், மறுநடவு தேவையில்லை. ஆனால் மெராந்தி போன்ற காட்டு மரம் வெட்டும் பருமனை அடையப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வளரும் வேகத்தில் மூங்கிலுக்கே வெற்றி.

ஆயினும் மூங்கில் தண்டு உருண்டையானது. உள்ளே வெற்றிடம் கொண்டது. அதிலிருந்து தட்டையான பலகை செய்ய உழைப்பு மிகுதியாகத் தேவை. தண்டை நீளவாக்கில் கீற்றுகளாகப் பிளந்து, தோலையும் உட்புறத்தையும் கணுக்களையும் சீவி நீக்குகிறார்கள். மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. அது துளைப்பான் வண்டுகளையும் பூஞ்சணத்தையும் ஈர்க்கும். எனவே கீற்றுகளை வேகவைக்கிறார்கள் அல்லது போராக்சு, போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். நன்கு உலர்த்திய பின்னரே ஒட்டுகிறார்கள். நீராவியில் நெடுநேரம் வெப்பப்படுத்தினால் கீற்றுகள் பழுப்பு நிறம் பெறும். ஆனால் இயற்கை நிறப் பலகையைவிடச் சற்று மென்மையாகிவிடும். உருண்டைத் தண்டு செவ்வகக் கீற்றாக மாறுவதற்குள் அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி கழிவாகலாம். அக்கழிவு கரியாகவும் ஊதுவத்திக் குச்சியாகவும் பயன்பட்டால்தான் தொழில் கட்டுப்படியாகும்.

ஒப்பீடு 1: ஈரமும் வீக்கமும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிரூட்டப்பட்ட அறையோ வறண்டது. ஒரே வீட்டில் ஒரு பலகை இவ்விரு சூழல்களையும் தாங்க வேண்டும்.

வெள்ளத்தில் முதலில் அழிவது துகள் பலகை. அடுத்து நாரிழைப் பலகை. மரத்துகளையோ நாரையோ பசையால் அழுத்திச் செய்த இப்பலகைகள் நீரை உறிஞ்சி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முழு ஏடுகளால் ஆன ஒட்டுப்பலகை இவற்றைவிட நன்கு தாங்கும்.

அப்படியானால் மர ஒட்டுப்பலகையும் மூங்கில் ஒட்டுப்பலகையும் மோதினால் எது வெல்லும்? இங்கு விடையைத் தருவது மரமோ மூங்கிலோ அன்று, பசையே. யூரியா வகைப் பசை உள்ளறைக்கு ஏற்றது. நீரில் நெடுநேரம் ஊறினால் விட்டுப்போகும். மெலமைன் கலந்த பசை அதைவிட உறுதியானது. பீனால் வகைப் பசை கொதிநீரையும் தாங்கும். பீனால் பசையால் ஒட்டிய மெராந்திப் பலகை, யூரியா பசையால் ஒட்டிய மூங்கில் பலகையைவிட வெள்ளத்தில் நிலைத்து நிற்கும். ஆகவே, “மூங்கில் தண்ணீருக்கு அஞ்சாது” என்பது பாதி உண்மைகூட ஆகாது.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகமும் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகமும் இத்துறையில் ஆய்வு செய்துள்ளன. தீபகற்ப மலேசியக் காடுகளில் பரவலாக வளரும் செமந்தான் மூங்கிலின் கீற்றுகளில் பீனால் பிசினைச் செலுத்தி இறுகச் செய்தால், அவை நனையும்போது விரிவது குறைகிறது என்று அவ்வாய்வுகள் காட்டின. மூங்கிலின் குறையை அறிவியல் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று.

வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கீற்றுகளைப் பக்கவாட்டில் மட்டும் ஒட்டிய மூங்கில் பலகையும் உண்டு. அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகையும் உண்டு. இரண்டாவதே உண்மையான ஒட்டுப்பலகை. அகலமான கதவுக்கு முதல்வகையைப் பயன்படுத்தினால் அது வளைந்துபோக வாய்ப்புண்டு. மேலும், சுவரில் ஒட்டுவதற்காக ‘மூங்கில் கரிப் பலகை’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் பிளாஸ்டிக்குடன் தூள் கலந்து செய்தவை. அவை ஒட்டுப்பலகை அல்ல.

ஒப்பீடு 2: வலிமையும் எடையும்

மூங்கில் பலகையின் மேற்பரப்பு மெராந்தி ஒட்டுப்பலகையின் மேற்பரப்பைவிடக் கடினமானது. பாத்திரம் உரசும் மேடைக்கும் அன்றாடம் கைபடும் கதவுக்கும் இது பெரும் நன்மை.

அவ்வன்மைக்கு எடை என்னும் விலை உண்டு. 2.44 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட ஒரு முழுப் பலகையின் கன அளவு ஏறத்தாழ 0.0536 கனமீட்டர். மர ஒட்டுப்பலகையின் அடர்த்தி கனமீட்டருக்கு 550 கிலோகிராம் என்றும் மூங்கில் பலகையின் அடர்த்தி 700 கிலோகிராம் என்றும் கொண்டால், முதலாவதன் எடை ஏறத்தாழ 29.5 கிலோகிராம், இரண்டாவதன் எடை 37.5 கிலோகிராம். சுவரில் தொங்கும் மேலடுக்கு அலமாரிக்கு இந்த 8 கிலோகிராம் வேறுபாடு சிறியதன்று. கீலும் சுவராணியும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும்.

தச்சரின் வேலையும் மாறுகிறது. மூங்கில் நாரோட்டத்தின் வழியே எளிதில் பிளக்கும். திருகாணி இறக்குவதற்கு முன் துளையிட்டாக வேண்டும். வாளின் கூரையும் அது விரைவில் மழுக்கிவிடும். கார்பைடு பற்கள் பதித்த வாள் தேவை. மர ஒட்டுப்பலகையோ எல்லாத் தச்சருக்கும் பழகிய பொருள். பழுது பார்ப்பதும் எளிது.

ஒப்பீடு 3: நாம் சுவாசிக்கும் காற்று

யூரியா, மெலமைன், பீனால் ஆகிய மூவகைப் பசைகளிலும் ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் உண்டு. சிறிதளவு வாயுவாக வெளியேறும் இது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. யூரியா பசையில் இவ்வெளியேற்றம் அதிகம். பீனால் பசையில் மிகக் குறைவு.

மூங்கில் பலகை ‘இயற்கையானது’ என்பதால் இக்கவலை இல்லை என்று எண்ணுவது தவறு. எண்ணற்ற கீற்றுகளை ஒட்ட வேண்டியிருப்பதால், அதில் பசைக்கோடுகள் மிகுதி. எனவே எந்தப் பலகையானாலும் அதன் வெளியேற்றத் தரத்தைக் கேட்க வேண்டும். ஐரோப்பிய அளவையில் ‘இ1’ என்பதும் ஜப்பானிய அளவையில் நான்கு நட்சத்திரம் என்பதும் குறைந்த வெளியேற்றத்தைக் குறிக்கும் தரக் குறியீடுகள். இவற்றுள் நான்கு நட்சத்திரமே கடுமையானது. தரக் குறியீடு பலகையில் அச்சிடப்பட்டிருக்கிறதா, சான்றிதழ் உண்டா என்று கேட்பது வாங்குவோரின் உரிமை.

ஒப்பீடு 4: காடும் கடலும்

விரைந்து வளரும் மூங்கில் காட்டு மரத்தின் மீதான சுமையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் உலகச் சந்தையில் உள்ள மூங்கில் பலகைகளில் பெரும்பாலானவை சீனாவின் செஜியாங், ஃபூஜியான் முதலிய மாநிலங்களில் விளையும் மோசோ மூங்கிலால் ஆனவை. கடல் கடந்து வரும் பலகையின் பசுமைக் கணக்கில் கப்பலின் எரிபொருளையும் சேர்க்க வேண்டும்.

மறுபுறம், மர ஒட்டுப்பலகை என்றாலே காட்டை அழித்துச் செய்தது என்று கூறிவிட முடியாது. முறையாக நிருவகிக்கப்படும் காட்டிலிருந்து வந்த மரமா என்பதை உறுதிப்படுத்த மலேசிய மரச் சான்றளிப்புத் திட்டம் உள்ளது. பன்னாட்டு அமைப்பான பி.இ.எஃப்.சி. 2009இல் அதை ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் இல்லாத மரத்துக்கும் சான்றிதழ் பெற்ற மரத்துக்கும் உள்ள வேறுபாடு, மரத்துக்கும் மூங்கிலுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம்.

செமந்தான், பெத்தோங் முதலிய நம் நாட்டு மூங்கில்களால் இங்கேயே பலகை பெருமளவில் உருவானால் கணக்கு மாறும். இந்தியாவில் பெங்களூரில் இயங்கிய ஒட்டுப்பலகைத் தொழில் ஆய்வு நிறுவனம், மூங்கில் பாய்களைப் பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்தும் முறையை உருவாக்கியது. கிராமத்துப் பெண்கள் முடைந்த பாய் தொழிற்சாலையில் பலகையாகியது. உள்ளூர் மூங்கிலும் உள்ளூர் உழைப்பும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

இரு வீடுகள், இரு முடிவுகள்

இதுவரை கண்டவற்றைக் கொண்டு முடிவெடுத்துப் பார்ப்போம். கிள்ளானில், வெள்ளம் புகக்கூடிய தாழ்வான பகுதியில், ஒரு தரைவீட்டுக் குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். அவர்களிடம் பணம் குறைவு. அடுத்த வெள்ளத்தைப் பற்றிய அச்சம் மிகுதி. மூங்கில் ஒட்டுப்பலகையின் விலை பொதுவாக மர ஒட்டுப்பலகையைவிடக் கூடுதல். அவர்கள் பீனால் பசையால் ஒட்டிய மர ஒட்டுப்பலகையை வாங்கி, எல்லா விளிம்புகளையும் நீர் புகாமல் அடைத்து, அலமாரியைக் காரை மேடையின் மீது உயர்த்தி வைப்பதே அறிவுடைமை. தொட்டியின் அடிப்பகுதிக்கு அலுமினியத்தையும் எண்ணிப் பார்க்கலாம். நாள்கணக்கில் நிற்கும் வெள்ளத்தை எந்த ஒட்டுப்பலகையும் பழுதின்றித் தாங்கும் என்று உறுதி கூற முடியாது. அங்கே பலகையைவிட மேடையின் உயரமே முக்கியம்.

பிரிக்பீல்ட்ஸில் அடுக்ககத்தின் பத்தாவது மாடியில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வெள்ள அச்சமில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது, அறைகள் சிறியவை. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெளியேற்றத் தரம். அலமாரியின் உட்கூட்டுக்கு நான்கு நட்சத்திர மர ஒட்டுப்பலகையையும், தேயும் பகுதிகளான கதவுக்கும் மேடைக்கும் அதே அளவு குறைந்த வெளியேற்றம் கொண்ட மூங்கில் ஒட்டுப்பலகையையும் அவர்கள் தேர்ந்தெடுக்கலாம். ஓர் அலமாரிக்கு ஒரே பலகைதான் என்ற விதி எதுவுமில்லை.

விலையை ஒப்பிடும்போதும் வாங்கும் நாளின் தொகையை மட்டும் பார்க்கலாகாது. பலகை, கூலி, பழுதுச்செலவு ஆகியவற்றைக் கூட்டி, அலமாரி உழைக்கும் ஆண்டுகளால் வகுத்தால் கிடைப்பதே ஓர் ஆண்டின் உண்மைச் செலவு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

தச்சுப் பட்டறையில் எறியப்படும் துண்டுகளில் மரம், மூங்கில் இரண்டிலும் ஒரே அளவான ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றின் தடிப்பையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் அளங்கள். 18.0 மில்லிமீட்டர் தடிப்பு 18.9 ஆகியிருந்தால், கூடிய 0.9ஐ 18ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். தடிப்பு வீக்கம் 5 விழுக்காடு. விளம்பர வாசகம் கூறாத விடையை உங்கள் அளவுகோல் கூறும்.

விறகாக இருந்த மரம்

நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய ரப்பர் மரத்தை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் அம்மரத்தை வெட்டி எரித்தார்கள், அல்லது விறகாக்கினார்கள். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பற்றும் அம்மரம் எதற்கும் உதவாது என்றே கருதப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் அதைப் போரான் கரைசலால் பாதுகாத்து, முறையாக உலர்த்தும் வழியைக் கண்டனர். இன்று மலேசியாவின் மர அறைகலன் ஏற்றுமதியில் பெரும்பங்கு ரப்பர் மரத்தினுடையது. ஜொகூரின் மூவார் நகரம் அத்தொழிலால் புகழ்பெற்றுள்ளது.

மரம் மாறவில்லை, அதைப் பற்றிய நம் அறிவு மாறியது. நம் நாட்டு மூங்கிலுக்கும் அத்தகைய காலம் வரலாம். அதுவரை, ஒரு பொருளின் பெயரையோ பெருமையையோ மட்டும் கொண்டு அதை ஏற்கவோ தள்ளவோ வேண்டாம். எந்த இடத்துக்கு, எந்தப் பசையுடன், எங்கிருந்து வந்தது என்று கேட்டு அறிந்த பின் தேர்ந்தெடுப்போம்.

கருத்துணர் வினாக்கள்

1. ஒட்டுப்பலகையில் ஏடுகளைக் குறுக்காக அடுக்குவதன் காரணம் யாது?
2. மூங்கிலைப் புல் என்று கூறுவதற்குக் கட்டுரை தரும் சான்றுகளை எழுதுக.
3. “மூங்கில் தண்ணீருக்கு அஞ்சாது” என்ற கூற்றைக் கட்டுரையாளர் ஏன் ஏற்கவில்லை?
4. கிள்ளான் குடும்பமும் பிரிக்பீல்ட்ஸ் குடும்பமும் வெவ்வேறு முடிவுகளை எடுப்பதற்கான காரணங்களை ஒப்பிட்டு விளக்குக.
5. ரப்பர் மரத்தின் வரலாற்றைக் கட்டுரையாளர் இறுதியில் சேர்த்ததன் நோக்கம் என்னவாக இருக்கலாம்? உம் கருத்தை எழுதுக.
6. உம் வீட்டில் உள்ள ஓர் அலமாரி எந்தப் பலகையால் ஆனது என்று கேட்டறிந்து, அதற்கு மாற்றாக நீர் பரிந்துரைக்கும் பொருளைத் தக்க காரணங்களுடன் 80 சொற்களில் எழுதுக.